மலைக்கு முதுகு காட்டிய ஏரியல்

"4-2-61. வால்வு ஐந்தும் நலம். சாக்கெட் சுத்தம். பேப்பர் கண்டென்சர் ஒன்று மாற்றம். மற்றதைத் தொடவில்லை. – தா."

சென்ற மாதம் சூலியா தெருவிலுள்ள ஒரு பயணியர் விடுதிக்காரர் தம் வரவேற்பறையில் வைப்பதற்காக ஒரு பழைய ஜெர்மன் வால்வு ரேடியோவைச் சரிசெய்யக் கொடுத்தார். பின்பலகையைக் கழற்றி டார்ச்சை அடித்தபோது, உள்பக்க மரத்தில் பென்சிலால் எழுதிய இந்த வரிகள் தெரிந்தன. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அந்தக் கையெழுத்தை நான் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன். 'தா.' என்றால் தாவூது நானா. பினாங்கில் நான் வேலை கற்ற கடையின் முதலாளி; தமிழ் முஸ்லிம்கள் அண்ணனை 'நானா' என்பார்கள். நான் அவரிடம் போய்ச் சேருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அவர் இந்தப் பெட்டியைத் திறந்து மூடியிருக்கிறார். அதற்குப் பிறகு வேறு எவரும் அதைத் திறந்ததற்கான குறிப்பு உள்ளே இல்லை.

எங்கள் கடையிலிருந்து எந்தப் பெட்டி வெளியே போனாலும் உள்ளே தேதியோடு ஒரு பென்சில் வரி போகும். என்ன மாற்றினோம், எதை மாற்றவில்லை, யார் கை. வீட்டுக்காரர் அதைப் பார்க்கப்போவதில்லை. அடுத்துத் திறக்கப்போகும் தொழிலாளிக்கு எழுதும் கடிதம் அது. அறுபது வருடம் கழித்து அந்தக் கடிதம் எனக்கே வந்து சேர்ந்தது என்றால், என் சந்தோஷத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அதைப் படமெடுத்து, பழைய ரேடியோக்களை மீட்கும் எங்கள் சின்ன வாட்சாப் குழுவில் போட்டேன். உடனே கேள்விகள் குவிந்தன. எஃப்.எம். வந்தபோது எப்படி இருந்தது? டி.வி. வந்தபோது? நானா எப்படிப்பட்டவர்? தட்டச்சு செய்து செய்து கட்டைவிரல் வலித்ததால் இதை எழுத உட்கார்ந்தேன். தேதிகள் என் குறிப்பேட்டில் உள்ளவை. முக்கியமான சம்பவத்தின் வருடத்தை மட்டும், அதில் வரும் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால், விட்டிருக்கிறேன். எழுபதுகளின் முதல் பாதி என்பது போதும்.

நான் கடையில் சேர்ந்த கதை சிறியது. பள்ளி முடித்தேன், தபாலில் ரேடியோ பாடம் படித்தேன், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த நானாவின் கடைப்படியில் போய் நின்றேன். "பேரு?" என்றார். "சவரிநாதன்" என்றேன். "சவரி, மூக்கு நல்லா வேலை செய்யுமா?" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

கேள்வியின் பொருள் முதல் வாரத்திலேயே புரிந்தது. பெட்டியைத் திறந்ததும் நானா முதலில் மோந்து பார்ப்பார். தீய்ந்த டிரான்ஸ்ஃபார்மர் ஒரு வாசனை, கசிந்த கண்டென்சர் ஒரு வாசனை, உள்ளே செத்த எலி இன்னொன்று. மோந்த பிறகு காதை வைத்துக் கேட்பார். மீட்டரைக் கடைசியில்தான் எடுப்பார்.

கடையில் ஒரு பலகை இருந்தது. அதில் சாதாரண அறுபது வாட் குண்டு பல்பும் ஒரு பிளக்கும். எந்தப் பெட்டியையும் நேராக மின்சாரத்தில் செருகமாட்டார். இந்தப் பல்பின் வழியாகத்தான் கரண்ட் உள்ளே போகவேண்டும். பல்பு பளீரென எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். பளீரென ஆரம்பித்து மெல்ல மங்கினால் பெட்டி பிழைத்துக்கொள்ளும். அந்த அரை நிமிடம் கடையில் யாரும் பேசக்கூடாது. ஒருநாள் ஒரு வாடிக்கையாளருக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னா நானா, ரேடியோவைக் குடுத்தா நீங்க பல்பையே பாத்துட்டு இருக்கீங்க?"

"டாக்டருகிட்ட போனா அவரு உங்க மூஞ்சியையா பாத்துட்டு இருக்காரு? நாடியத்தான பாக்குறாரு. சும்மா உக்காருங்க."

நானா குள்ளமான, ஒல்லியான மனிதர். தலையில் கறுப்புத் தொப்பி, இடுப்பில் கைலிபோல் கட்டிய வெள்ளைச் சாரம், அதன்மேல் அகலமான பச்சை பெல்ட். மின்சாரம் ஓடும் பெட்டியில் கை வைக்கும்போது இடது கையை அந்த பெல்ட்டுக்குள் செருகிக்கொள்வார். எனக்கும் அதே கட்டளை. எனக்கு பெல்ட் இல்லாததால் கால்சட்டைப் பையில் விட்டுக்கொள்வேன். "கரண்ட் ஒரு கையில ஏறி இன்னொரு கையில எறங்குனா நடுவுல என்னா இருக்கு? நெஞ்சு. அதனால ஒரு கைக்கு எப்பவும் லீவு." ஓடுகிற பெட்டியில் ஓடுகிற பாகத்தைத் தொடுவது அவர் பார்வையில் பெருங்குற்றம். "நல்லா இருக்கிறவனுக்கு ஊசி போடாதே" என்பார்.

இப்போது எஃப்.எம். கதை. வரிசைப்படி அது தொலைக்காட்சிக்குப் பின்னால் வந்தது. ஆனால் என் மேசையில் கிடக்கும் இந்தப் பெட்டியோடு சேர்ந்தது என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

இத்தகைய ஜெர்மன் பெட்டிகளில் தந்தப் பல் போன்ற பட்டன்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றில் யு.கே.டபிள்யூ. என்று மூன்று எழுத்து. ஜெர்மன்காரர்கள் எஃப்.எம். அலைக்கு வைத்த பெயர் அது. பினாங்கில் அப்போது எஃப்.எம். ஒலிபரப்பே இல்லை, பட்டனை அழுத்தினால் உஸ்ஸென்று இரைச்சல் மட்டும் வரும். முதல் இரண்டெழுத்தைப் பார்த்துவிட்டு, அது லண்டன் நிலையத்துக்கான பட்டன் என்று பலர் உறுதியாக நம்பினார்கள். "நானா, லண்டன் எடுக்க மாட்டேங்குது" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். நானா விளக்கிப் பார்த்து அலுத்துப்போய், "அது நாளைக்கு எடுக்கும்" என்று சொல்ல ஆரம்பித்தார். கடையில் அந்தப் பட்டனுக்கு 'நாளைக்கு' என்றே பெயராகிவிட்டது.

பிறகு ஒரு பிற்பகல். பினாங்கு மலையிலிருந்து இறங்கிவந்த மழை, தலைக்கு மேலேயே இடி. மேசையில் இருந்த பெட்டியில் மத்திய அலை படபடவென்று சோளம் பொரிவதுபோல் வெடித்துக்கொண்டிருந்தது. சோதனை ஒலிபரப்பு தொடங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்ததால், சும்மா, 'நாளைக்கு' பட்டனை அழுத்தி முள்ளை நகர்த்தினேன். வயலின்! ஒரு பொரியும் சத்தம் இல்லை, ஓர் உஸ் இல்லை. வில் கம்பியில் உராயும் ஓசைகூடக் கேட்டது. இரண்டு சுரங்களுக்கு நடுவே வந்த மௌனம் சுத்தமான மௌனமாக இருந்தது. ரேடியோவில் மௌனத்தை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

நானா உள்ளிருந்து ஓடிவந்தார். பெட்டியைப் பார்த்தார். வெளியே போய் மழையில் நின்று வானத்தைப் பார்த்தார். மின்னல் வெட்டியது. திரும்பி வந்து, "இடி நிக்கலயே, சவரி! இடி நிக்கலயே!" என்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தார். அன்று கடைக்கு முன்னால் போன எவரையும் அவர் சும்மா விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து கேட்க வைத்தார்.

விடுதிக்காரரின் பெட்டிக்கு வருகிறேன். அதன் எஃப்.எம். அளவுகோல் நூறோடு நின்றுவிடுகிறது. இன்றைய நிலையங்களில் பல அதற்கு மேலே இருக்கின்றன. உள்ளே ஒரு சிறு செப்புக் கம்பிச்சுருள் உண்டு. அதன் சுற்றுகளைப் பல்குச்சியால் ஒரு மயிரிழை விரித்தால் மொத்த அளவுகோலும் மேலே நகரும். போன செவ்வாய்க்கிழமை விரித்தேன். தமிழ் நிலையம் கணீரென்று வந்தது. எழுபதைத் தாண்டிய மனிதன் தனியாக அறையில் நின்று கைதட்டினேன்.

இனி தொலைக்காட்சி.

பினாங்குத் தீவுக்குப் படம் அப்போது பெரும்பாலும் கடலுக்கு அப்பால், கெடா மாநிலத்தின் ஜெராய் மலைப் பக்கமிருந்து வந்தது. ஜார்ஜ் டவுன் கூரைகளில் எல்லா ஏரியல்களும் தொழுகை வரிசைபோல் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். ஏரியலை வடக்கே திருப்பு, மரையை முறுக்கு, கீழே இறங்கு. நகரத்தில் வேலை அவ்வளவு எளிது. தீவின் முதுகுப்புறத்தில் இருக்கும் பாலிக் பூலாவ் வேறு. நடுவே மலைகள் சுவர்போல நிற்கின்றன. நேர் அலை அங்கே போய்ச் சேராது. மலைச்சரிவுகளில் மோதிச் சிதறிய அலைகள் முன்னும் பின்னுமாக வந்து சேரும். ஒரு செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் அவருடைய மங்கலான இரட்டை உட்கார்ந்திருக்கும்.

குறிப்பேட்டில் ஆகஸ்ட் 20. காலை பதினோரு மணிக்கு பாலிக் பூலாவிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் கடைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். குடையை மடக்கக்கூட இல்லை.

"நானா, எங்க ஊர்ல டி.வி. படம் எடுக்குமா?"

"எடுக்கும் டீச்சர். ரெண்டு ரெண்டா எடுக்கும்."

அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னோம். விஷயம் வெளியே வந்தது.

ஸ்டெல்லாவின் தம்பி செபஸ்தியான். மாதா கோயில் பேண்டில் ட்ரம்பெட் ஊதியவன். நான்கு வருடத்துக்கு முன் நண்பர்களோடு ஜார்ஜ் டவுனுக்கு வந்த இடத்தில் ஒரு கைகலப்பு. போலீஸ் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய் ஓர் இரவு லாக்கப்பில் வைத்துவிட்டு, காலையில் விட்டுவிட்டது. வழக்கு எதுவும் இல்லை. ஆனால் ஊருக்கு அந்த ஓர் இரவு போதும். அவமானம் தாங்காமல் கோலாலம்பூருக்குப் போனவன் திரும்பவில்லை. அங்கே போலீஸ் பேண்டில் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் எழுதினான். ஊர் நம்பவில்லை. குறிப்பாக, வீட்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த அருளப்பன். எந்தப் பேச்சின் வாலிலும், இங்கே பலரைப்போல, ஒரு 'லா' ஒட்டுபவர்.

"போலீஸ்லதான் இருக்கானா? கம்பிக்கு எந்தப் பக்கம்னு கேளுங்கன்னு அருளப்பன் சொல்றாரு, நானா. கடுதாசியக் காட்டுனா, உள்ள இருந்தும் கடுதாசி போடலாம் லாங்குறாரு. யூனிஃபார்ம்ல படம் எடுத்து அனுப்பினான். ஸ்டூடியோவுல சட்டை வாடகைக்குக் கெடைக்கும்ங்குறாரு."

"உங்க அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஒடஞ்சி படுக்கையில இருக்காங்க. கோலாலம்பூர் போக முடியாது. அவன் வரமாட்டேங்குறான். 'ஊரு நம்பாத வரைக்கும் அந்த மண்ணை மிதிக்க மாட்டேன்'னு எழுதிட்டான். இப்ப, சுதந்திர தினத்துக்கு மெர்டேக்கா பரேட்ல அவங்க பேண்டு முன்னால போவுது. முப்பத்தொண்ணாந் தேதி. நேரா டி.வி.யில காட்டுவாங்க. அருளப்பன் கண்ணால பாத்தாருன்னா ஊரே பாத்த மாதிரி." குடையின் பிடியை முறுக்கிக்கொண்டே சொன்னார். "படம் வரலன்னா அவன் வரமாட்டான் நானா."

நானா என்னைப் பார்த்தார். பிறகு மேலே தொங்கிய ஏரியல்களைப் பார்த்தார். "சவரி, ஏணி நீளமானதா எடு" என்றார்.

ஆகஸ்ட் 26 காலை, கடையின் சின்ன வேனில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியும் பதினோரு குச்சிகள் கொண்ட பெரிய ஏரியலும் இரண்டு குழாய்க் கம்பங்களுமாக மலைப்பாதையில் போனோம். டீச்சர் வீடு மரவீடு, தகரக் கூரை. டீச்சரின் அம்மா மதலேனம்மாளின் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த அந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, கூரை தாங்குமா?"

நான் கூரைமேல். நானா உள்ளே திரைக்கு முன்னால். அவர் சொல்வது எனக்குக் கேட்காது என்பதால் டீச்சர் ஜன்னலில் நின்று அஞ்சல் செய்தார்.

"இன்னும் கொஞ்சம் திருப்பணுமாம்!"

திருப்பினேன்.

"மூணு ஆளு தெரியுதாம்!"

திருப்பினேன்.

"நாலாம்! நானா திட்டுறாரு!"

"என்னன்னு?"

"அது வேணாம்!"

ஜெராய் திசை, அதற்கு இடம், அதற்கு வலம், எல்லாம் பார்த்தோம். கம்பத்தை உயர்த்தினோம். கூரையின் மறுகோடிக்கு மாற்றினோம். மதியம் இரண்டு மணிக்குத் தகரத்தில் கால் வைக்க முடியவில்லை. சாக்கு நனைத்துப் போட்டு நின்றேன். எதிர்க்கடையிலிருந்து அருளப்பன் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார். "தம்பி, மேல இருந்து கோலாலம்பூர் தெரியுதா?" என்று அவ்வப்போது ஒரு குரல்.

கீழே இறங்கி ஜாதிக்காய் சர்பத் குடித்துக்கொண்டிருந்தபோது நானா வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தார். பெரிய மலைகள் ஒரு பக்கம். மறுபக்கம், கடலை ஒட்டி, தனியாக ஒரு சின்னக் குன்று. மரம் வெட்டி மொட்டையாகக் கிடந்த சரிவு எங்களைப் பார்த்தபடி.

"சவரி, ஏரியலை அந்தக் குன்றுப் பக்கம் திருப்பு."

"நானா, அது எதிர்த்திசை. ஜெராய்க்கு முதுகு காட்டும்."

"காட்டட்டும். நேரா வர முடியாதவன் சுவத்துல பட்டுத் திரும்பி வருவான். நமக்கு ஒரே ஒரு சுவரு போதும்."

ஏறினேன். பாதிச் சுற்று திருப்பினேன். பதினொரு குச்சிகளும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மொட்டைக் குன்றைப் பார்த்தன. தொழிலில் சேர்ந்ததிலிருந்து அப்படி ஓர் ஏரியலை நான் கண்டதில்லை.

"டீச்சர்! எத்தனை ஆளு?"

எட்டிப் பார்த்தேன். டீச்சர் உள்ளே ஓடியிருந்தார். பிறகு வெளியே வந்து இரு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்: "ஒண்ணு! ஒரே ஆளு!"

கூரையில் நான் குதித்ததில் ஒரு தகரம் நெளிந்தது. அதற்கும் குறிப்பேட்டில் பதிவு உண்டு.

ஆகஸ்ட் 31. எதுவும் கெட்டுப்போகக்கூடாதென்று காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். கூடம் நிறைந்திருந்தது. ஜன்னல்களில் தலைகள். அருளப்பன் தம் கடை நாற்காலியையே தூக்கிவந்து முதல் வரிசையில் போட்டிருந்தார். "காட்டுங்க பாப்போம், ஆப்பீசரை" என்றார். மதலேனம்மாள் வெள்ளைச் சேலை உடுத்தி, கையில் செபமாலையோடு சாய்ந்திருந்தார். படம் ஒற்றையாக, தெளிவாக இருந்தது.

ஏழு முப்பத்தெட்டுக்கு, பெட்டிக்குள் படீரென்று ஒரு சத்தம். தீய்ந்த நாற்றம். திரை முழுவதும் இருண்டு, நடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு நின்றது.

நானா உடனே அணைத்தார். பின்பலகையைத் திறந்தோம். ஒரு பல்லி. சூட்டுக்காக உள்ளே போய், படக்குழாயின் கழுத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளின் முனையில் வால் ஓர் இடம் தலை ஓர் இடமாகக் கருகிக் கிடந்தது. படத்தைக் குறுக்காக விரிப்பது அந்தச் சுருள்தான். அதற்குப் போகும் இரண்டு வயர்களும் அறுந்திருந்தன.

அருளப்பன் மெல்ல, "எனக்குத் தெரியும் லா" என்றார். டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

படக்குழாயில் அணைத்த பிறகும் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கும். அதைக் கழிக்காமல் உள்ளே கை விடக்கூடாது. நானா வயர் கட்டிய திருப்புளியை ரப்பர் மூடிக்குள் செலுத்தினார்; 'டப்' என்று நீலப் பொறி. இன்னொரு தடவை செலுத்தினார், சத்தம் இல்லை. "ம்" என்றார். நான் சால்டரிங் அயர்னைச் செருகிக் காத்திருந்தேன். அது சூடாக எடுத்துக்கொண்ட மூன்று நிமிடம்போல நீளமான மூன்று நிமிடத்தை நான் பிறகு அறிந்ததில்லை.

வயர்களைச் சுரண்டினேன். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்று இருந்திருக்கவேண்டும். இரண்டும் கரி. எது எந்த முனைக்கு?

"நானா, நிறம் தெரியல."

"படம் வருமா, ஏதாச்சும் ஒண்ணு வச்சா?"

"ரெண்டுல எப்படி வச்சாலும் படம் வரும். ஆனா…"

"வை."

வைத்தேன். ஈயம் பற்றியது. பெட்டியை மூடாமலே போட்டோம். வால்வுகள் சூடாகும்வரை எல்லாரும் இருண்ட கண்ணாடியையே பார்த்தோம். முதலில் சத்தம் வந்தது. பிறகு வெளிச்சம். பிறகு படம். கூடம் ஆரவாரித்தது. ஏழு ஐம்பத்தாறு.

அடுத்த நொடி திரையில் எழுத்து வந்தது. எல்லா எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தது. நான் வயர்களை மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் போய்விட்டது.

"என்னா நானா," என்றார் அருளப்பன், "எழுத்து ஜாவி மாதிரி வலமிருந்து வருது?"

"எனக்கு வசதியாப் போச்சு," என்றார் நானா, கண் எடுக்காமல். மலாயை அரபு எழுத்தில் எழுதுவதுதான் ஜாவி; அவர் குர்ஆன் ஓதிப் பழகியவர்.

நான் பின்பக்கம் குனிந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாதே."

"அணைச்சு, டிஸ்சார்ஜ் பண்ணி, மாத்தி, அஞ்சே நிமிஷம் நானா."

"பேண்டு நாலு நிமிஷத்துல வருது. அந்த அம்மாவுக்கு எழுத்தா வேணும்? ஆள்தான வேணும்."

அப்படியே விட்டோம். திரையில் அதிகாரிகள் இடது கையால் சல்யூட் வைத்தார்கள். "இது நம்ம நாடுதானா லா?" என்றார் அருளப்பன். கூடமே சிரித்தது. கட்டிலிலிருந்து மதலேனம்மாளும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பேண்டு வந்தது. வரிசைகள் திரையை நிறைத்து எங்களை நோக்கி நடந்தன. ட்ரம்பெட்காரர்கள் முதல் வரிசை. என் கைக்கடிகாரத்தில் பதினொரு வினாடி. அந்தப் பதினொரு வினாடியில் நான் முகங்களைப் பார்க்கவில்லை. வெள்ளைக் கோடு திரும்பிவிடுமோ என்று திரையின் ஓரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காக இன்றும் என்னை நொந்துகொள்கிறேன்.

மதலேனம்மாள் செபமாலையோடு கையைத் தூக்கினார்.

"இந்த ஓரம். இடது ஓரம். கன்னத்த உப்பிக்கிட்டு வர்றான் பாருங்க. மாதா கோயில் பேண்டுலயும் இப்படித்தான் ஊதுவான்."

அருளப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்கு முன்னால் போய்க் குனிந்தார். "மறைக்காதீங்கய்யா!" என்று பின்னாலிருந்து பல குரல். அவர் நகரவில்லை. மூக்கு கண்ணாடியில் படும் தூரத்தில் பார்த்தார். வரிசை கடந்துபோனது. நிமிர்ந்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம்.

"காது," என்றார். "அவங்கப்பன் காது. அவன்தான்."

சொல்லிவிட்டு நேராக வாசலுக்குப் போய், தெருவில் நின்றவர்களிடம், நான்கு வருடம் அவதூறு சொன்ன அதே குரலில் முழங்கினார்: "செபஸ்தியான் லா! போலீஸ் பேண்டுல, முத வரிசையில! நான் கிட்டப் போய்ப் பாத்தேன்!" அவர் பரப்பிய எந்தச் செய்தியும் வேகம் குறைந்ததில்லை. கூட்டம் கட்டிலைச் சூழ்ந்துகொண்டது. யாரோ என் கையில் பலகாரத் தட்டைத் திணித்தார்கள்.

பேண்டு போனபிறகு நானா, "இப்ப மாத்து" என்றார். மாற்றினேன். எழுத்து நேரானது. பின்பலகையின் உள்ளே நானே பென்சிலால் எழுதினேன்: பல்லி, இரண்டு வயர், தேதி, என் பிழை.

டிசம்பரில் செபஸ்தியான் வந்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நானாவையும் என்னையும் டீச்சர் அழைத்திருந்தார். நல்ல உயரம், வெட்கப்பட்ட சிரிப்பு. தாயின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்தபடியே பேசினான். பேண்டின் குழுப் படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அது கைமாறிக் கைமாறி அருளப்பனிடம் போனது. அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"நாம பாத்தது இடது ஓரம். இவன் இதுல வலது ஓரத்துல நிக்கிறான். அப்ப நாம பாத்தது யாரை?"

நான் துள்ளி எழுந்தேன். "அண்ணே! அன்னைக்குப் படம் கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பியிருந்துச்சு. மறந்துட்டீங்களா? எழுத்து ஜாவி மாதிரின்னீங்க. திரையில இடது ஓரம்னா, நெஜத்துல வலது ஓரம்!"

அருளப்பன் படத்தைத் திருப்பிப் பிடித்தார், நேராகப் பிடித்தார், விரலால் காற்றில் இடம் வலம் போட்டுப் பார்த்தார். "அட! சரியா வருதே!" என்று தொடையில் தட்டினார். என் தப்பான ஈயப்பற்று சாட்சி சொல்லிவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நானா என் முதுகில் ஓர் அடி வைத்தார்; வலித்தது.

கிளம்பும்போது செபஸ்தியான் வேன்வரை வந்தான். நானா உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார். அவன் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணே, நெஜமாவே தெரிஞ்சேனா?"

"ஏன் கேக்குற? போட்டோவே சொல்லுதே."

"போட்டோ வேற நாள் எடுத்தது. அன்னைக்குக் காலையில பேண்ட் மாஸ்டர் ஓரத்துல நின்னவங்கள்ல ரெண்டு பேரை உள்ள தள்ளி நிக்கச் சொன்னாரு. எந்த ஓரம், அதுல நான் உண்டா, எதுவும் ஞாபகமில்லண்ணே. கால் வரிசை தப்பக்கூடாதுன்னு அதுலயே இருந்தேன். கேமரா எங்க இருந்துச்சுன்னே தெரியாது."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல. அக்கா எழுதினாங்க, எல்லாரும் பாத்தாங்கன்னு. அதான் வந்தேன்." சற்று நின்று, "வந்துட்டேன்ல," என்றான்.

அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்தான். மதலேனம்மாள் அப்படி ஆறு கிறிஸ்துமஸ் பார்த்தார்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நேரம் கிடைத்தது. பழைய படச்சுருள்களைத் தேடும் நண்பர் ஒருவர் மூலம் அந்த வருட அணிவகுப்பின் மூன்று துண்டுகளைப் பார்த்தேன். ஒன்றில் பேண்டு தூரத்தில் வருகிறது. ஒன்றில் முதுகு தெரிகிறது. மூன்றாவதில் முதல் வரிசை திரைக்குள் நுழையும் கணத்தில் காட்சி வெட்டப்பட்டு மேடை வந்துவிடுகிறது. நாங்கள் பார்த்த பதினொரு வினாடி எதிலும் இல்லை. நான்காவது துண்டு ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. ஆகவே இப்போதைக்கு இப்படிப் பதிகிறேன்: ஆகஸ்ட் 31 காலை, பாலிக் பூலாவில், திரும்பித் தெரிந்த திரையின் இடது ஓரத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு நடந்தவர் செபஸ்தியான் என்பது அவருடைய தாயார் சொன்னது. சரிபார்க்கப்படவில்லை.